இலவசச் செயலிகள், கடிதம்

அன்புள்ள சார்,

மும்பை மஸ்ஜித் பந்தரில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் வேலையும் வீட்டு வேலையும் தலைக்குள் குழம்புகிறது என்று புலம்பியதும் தம்பி ட்ரெல்லோ என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தான். அப்புறம் நானே நோஷன், கூகுள் கீப், டோடூயிஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இப்போது பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பத்திரம்) விவரம் ஒன்றில், அம்மாவின் மாத்திரை நேரம் ஒன்றில், எல்ஐசி பிரீமியம் தேதி இன்னொன்றில். தேடுவதே தனி வேலையாகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது?

கோ., செம்பூர்

அன்புள்ள கோ.,

எது நல்ல செயலி என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே போட்டதைத் திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இலவசச் சேவையில் எனக்கு இதுதான் முதல் கேள்வி.

வண்டர்லிஸ்ட் என்று ஒரு செயலி இருந்தது. பட்டியல் போட அவ்வளவு எளிது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. தன்னுடைய டூ டூ செயலிக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வழி வைத்ததால் பலர் தப்பித்தார்கள். எவர்நோட் என்ற குறிப்புச் செயலியை யாரும் மூடவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வந்தது. அதற்குமேல் சேர்த்து வைத்திருந்தவர்கள் பழையதைப் படிக்கலாம், புதிதாக எழுத முடியாது. சர்வருக்கு யாராவது பணம் கட்டத்தானே வேண்டும், அதனால் நான் கோபப்படவில்லை. விதி மாறுகிற நாளில் நம் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு வாரம் பழகியதுமே எக்ஸ்போர்ட் செய்து, அதாவது உள்ளே இருப்பதைக் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். நோஷன் இலவசத்திலேயே அட்டவணைகளை சிஎஸ்வியாக, அதாவது எக்செலில் திறக்கிற எளிய கோப்பாகத் தருகிறது. ட்ரெல்லோ இலவசக் கணக்கில் ஜேசன் (புரோகிராம்கள் படிப்பதற்கான வடிவம்) கோப்புதான், சிஎஸ்வி வேண்டுமென்றால் காசு. கீப்பில் இருப்பதை கூகுள் டேக்அவுட் என்ற கூகுளின் தரவிறக்கச் சேவை வழியாக எடுக்கலாம். தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிஎஸ்வி கோப்பை நேராக எக்செலில் திறந்தால் சில சமயம் தமிழ் முழுக்க மேலே புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். காலி எக்செலைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். தமிழ் ஒழுங்காக வந்துவிடும்.

அடுத்தது ஆபீஸ் விவரம். பார்ட்டியின், அதாவது சரக்கை இறக்குமதி செய்பவரின் இன்வாய்ஸ், ஐஇசி நம்பர் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான அடையாள எண்) எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பது சரியில்லை. அது உங்களுடையது அல்ல, முதலாளியுடையதுகூட அல்ல, பார்ட்டியுடையது. நாளைக்கு நீங்கள் வேலை மாறினால் அது உங்கள் கூடவே வந்துவிடும். முதலாளியிடம் சொல்லி ஆபீஸ் மெயிலில் தனிக் கணக்கு தொடங்குங்கள்.

உங்கள் வேலைக்கு ட்ரெல்லோ நன்றாகவே பொருந்தும். ஃபைலிங், அசெஸ்மென்ட், டூட்டி, எக்ஸாமினேஷன், அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை எடுத்துப்போகச் சுங்க அனுமதி) என்று வரிசையாகப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரிக்கும் ஒரு கார்டு போட்டால், எது எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கார்டில் ஜாப் நம்பரும் ஃப்ரீ டேஸ் (சரக்கைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் நாட்கள்) முடியும் தேதியும் போதும். அந்தத் தேதியை டியூ டேட்டாகப் போட்டுவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) விழுவதற்கு முன்னால் கண்ணில் படும். ஒரு வொர்க்ஸ்பேஸில் (குழுவின் பொதுவான இடம்) 10 பேர் வரை இலவசம், சின்ன அலுவலகத்துக்குத் தாராளம்.

வீட்டுக்கு கூகுள் காலண்டர் ஒன்று போதும். பிரீமியம் தேதியை வருடா வருடம் திரும்ப வரும்படி போடுங்கள், பத்து நாள் முன்னால் நினைவூட்டச் சொல்லுங்கள். அம்மாவின் மாத்திரைக்குச் செயலியே வேண்டாம், அவர் போனில் அலாரம் வையுங்கள். நீங்கள் ஹார்பர் லைன் ரயிலில் நெரிசலில் நிற்கும்போது உங்கள் போன் அடித்து என்ன பயன்?

மற்றவற்றை மூடலாம். மூடுமுன் நோஷனில் இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள், நீளமான குறிப்புகள் அதில்தான் சேர்ந்திருக்கும்.