வேர்முடிச்சு வந்த பாத்தியில் மறுபடி கத்தரி நடலாமா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டுத் தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் காய்க்கிற நேரத்தில் வாடிப்போனது, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு, மழைக்கு முன்னால் அதே பாத்தியில் திரும்ப நடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நடவே நடாதீர்கள். அது நூற்புழு, மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு; வெண்டை, மிளகாயையும் விடாது.

பழைய வேர்களைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அப்புறம் மண்ணை ஆழமாகக் கொத்திப் பத்து நாள் காயப்போடுங்கள். நம்ம பக்கம் புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கும், அதை வீணாக்கக் கூடாது. பிறகு சதுர மீட்டருக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கும் ரெண்டு மூணு கிலோ மக்கிய சாணி எருவும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தியாக அணையுங்கள். எருவைக் கையில் அள்ளிப் பாருங்கள், மண் வாசனைதான் வரணும். சூடோ சாணி நாற்றமோ இருந்தால் இன்னும் மக்கவில்லை, வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவை வீட்டுக்கே அழைத்த மாதிரி ஆகிவிடும்.

மழைக்காலம் முழுக்க அந்த இடத்தில் கேந்தி (செண்டுமல்லி) மட்டும் நெருக்கமாக நடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும், மார்கழிக்குப் பூவும் ஆச்சு. தையில் செடியோடு மண்ணில் கொத்திவிட்டுச் சின்ன வெங்காயம் போடலாம். கத்தரிக்கு இந்த வருஷம் வேறு இடம்தான். இடமில்லையா, புது மண் நிரப்பிய தொட்டி போதும், கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டால் தை பிறந்ததும் நட்டுவிடலாம்.