பில் இறங்கியது, பயன்பாடு ஏறியது

கேள்வி: மின்சாரம், தண்ணீர், எரிவாயு ஆகியவற்றுக்குக் கட்டும் தொகையை ஓராண்டாக மாதவாரியாக எக்செலில் பதிந்து வருகிறேன். தொகை ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறதே தவிர, ஏன் என்பது பிடிபடவில்லை. எதைத் தவறவிட்டேன்?

பதில்: தொகையை மட்டும் பதிந்ததுதான் குறை. எவ்வளவு பயன்படுத்தினீர்கள், அதற்கு என்ன விலை, எத்தனை நாளைக்கான கணக்கு என்ற மூன்றும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவதால், எது மாறியது என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆகவே எக்செலின் முதல் பத்தியில் (A நெடுவரிசையில்) மீட்டர் பார்த்த தேதியையும், இரண்டாவது பத்தியில் (B) மீட்டர் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். தொகை மூன்றாவது பத்தியில் இருக்கட்டும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை இரண்டு தேதிகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு நாளின் பயன்பாடு கிடைத்துவிடும். நான்காவது பத்தியில், மூன்றாம் வரியில் =(B3-B2)/(A3-A2) என்ற ஃபார்முலாவை ஒருமுறை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்ச் 1 அன்று மின் மீட்டர் 4512, ஏப்ரல் 3 அன்று 4710, ஏப்ரல் 29 அன்று 4879 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில்லில் 198 யூனிட், அடுத்ததில் 169 யூனிட். தொகை குறைந்திருக்கும், வீட்டிலும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஆனால் முன்னது 33 நாள் கணக்கு, பின்னது 26 நாள் கணக்கு. நாளொன்றுக்கு 6 யூனிட்டாக இருந்த பயன்பாடு உண்மையில் 6.5 ஆக ஏறியிருக்கிறது. உங்கள் பட்டியல் மறைத்தது இதைத்தான்.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கெடுப்பது தேதிதான். எக்செல் தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகவே வைத்திருப்பதால்தான் கழித்தல் நடக்கிறது. நீங்கள் இட்டதை அது வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைதான் காட்டும். நீங்களாக மாற்றியமைக்காதவரை, தேதி கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும் என்பதால், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். 3/4 என்று இட்டால் ஏப்ரல் 3 சில கணினிகளில் மார்ச் 4 ஆகிவிடும். 2025-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுவதே என் வழக்கம்.

தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை காண்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு யூனிட்டும் செலவாகாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் அதில் சேர்ந்திருக்கும். பயன்பாடு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் முறை என்றால், நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் கடைசிப் படியிலிருந்தே கழியும் என்பதால், சேமிப்பை அந்தப் படியின் விலையில்தான் கணக்கிட வேண்டும். பில்லில் உள்ளது மதிப்பீட்டு அளவு என்றால் அதைத் தனியே குறித்துவைத்து, மீட்டரை நீங்களே பார்த்து எழுதுங்கள். உருளையில் வரும் எரிவாயுவுக்கு, மாட்டிய தேதியும் தீர்ந்த தேதியும் போதும்.

கேள்வி: நாளொன்றுக்கான அளவு கூடியிருப்பது தெரிந்துவிட்டது. எந்தப் பொருள் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வீட்டில் அனைவரும் உறங்கப் போகும்போது ஒருமுறையும், எழுந்தவுடன் ஒருமுறையும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். யாரும் குழாயைத் திறக்காத அந்த நேரத்திலும் தண்ணீர் மீட்டர் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கழிப்பறைத் தொட்டியை முதலில் பாருங்கள். மின்சாரத்தில், குளிர்சாதனப் பெட்டி இரவிலும் இயங்கும் என்பதால் மீட்டர் ஓடத்தான் செய்யும், ஆனால் வெறும் 10 வாட் இழுக்கும் கருவிகூட ஆண்டு முழுவதும் அணைக்கப்படாமல் இருந்தால் ஏறக்குறைய 88 யூனிட் தின்றுவிடும். சந்தேகப்படும் கருவியின் இணைப்பை ஓர் இரவு கழற்றிவைத்து, மறுநாள் காலை எண்ணை முந்தைய இரவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே பதியுங்கள்.