இடங்கள் குறைக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் மகள் படிக்கிறாள்: பட்டம் செல்லுமா?

கேள்வி: நான் குழித்துறை அருகே வசிக்கும் ரப்பர் விவசாயி. என் மகள் நீட் தேர்வெழுதி, அரசு நடத்திய கலந்தாய்வில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பெற்று, வெளி மாவட்டத்திலுள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆசிரியர்களும் நோயாளிகளும் போதவில்லை என்று அந்தக் கல்லூரியின் இடங்கள் 150-இலிருந்து 100 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டன. அவளுடைய பட்டம் செல்லுமா? வேறு கல்லூரிக்கு மாற்ற வழி உண்டா? இதற்கிடையில் வளர்ச்சி நிதி என்று ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: தாங்கள் எழுதியுள்ள விவரங்கள் சரியானவை என்றால் பட்டத்தைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பர் 25 முதல் செயல்பட்டு வருகிறது. அதன் மருத்துவ மதிப்பீடு மற்றும் தரவரிசை வாரியம், தரத்தைக் காக்கத் தவறிய கல்லூரியை எச்சரிக்கலாம், அபராதம் விதிக்கலாம், இடங்களைக் குறைக்கலாம், சேர்க்கையையே நிறுத்தலாம், அங்கீகாரத்தைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்குப் பரிந்துரைக்கலாம் என்று அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றுள் இடக்குறைப்பு என்பது இனி வரும் சேர்க்கைக்கு இடப்படும் வரம்பு. கல்லூரிக்கு 150 இடங்களுக்கான அனுமதி இருந்த ஆண்டில் முறைப்படி சேர்ந்த மாணவியின் இருக்கையை அது பறிப்பதில்லை.

முறைப்படி என்ற சொல்லில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கல்லூரிகள் இரண்டு தொடர்பாக 2021-இல் உச்ச நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் இது விளங்கும். முதலாவதில், அரசுப் பட்டியலுக்கு வெளியே கல்லூரி தானாகவே சேர்த்துக்கொண்ட 132 மாணவர்களின் சேர்க்கை சட்டவிரோதம் என்று கண்டபோதும், அவர்கள் படிப்பில் வெகுதூரம் வந்துவிட்டதைக் கருதி, பட்டம் பெற்றபின் இரண்டாண்டுகள் சமூக சேவை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன் தொடர அனுமதித்த நீதிமன்றம், கல்லூரிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டாவதில், பொதுக் கலந்தாய்வைத் தவிர்த்துக் கல்லூரி தனியாக நடத்திய கலந்தாய்வில் சேர்ந்த 67 பேருக்கு அந்த இரக்கமும் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் படித்தது வீண் என்ற வாதம் எடுபடவில்லை. நிலத்தை ஒற்றி வைத்து ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் பெற்றோரை நம் மாவட்டத்திலும் பார்க்கிறேன். அவர்கள் இரண்டாவது தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். தங்கள் மகள் கலந்தாய்வின் மூலம் சென்றவர் என்பதால் அந்த ஆபத்து இல்லை. எனினும் தேர்வுக் குழு வழங்கிய ஒதுக்கீட்டு ஆணை, கட்டண ரசீதுகள், பல்கலைக்கழகப் பதிவு எண் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு தொகுப்பாக வைத்திருங்கள்.

இடமாற்றம் எளிதல்ல. மாணவர் தம் விருப்பத்தின் பேரில் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு 2023-ஆம் ஆண்டின் பட்டப்படிப்பு விதிமுறைகள் இடமளிக்கவில்லை. இடங்கள் குறைந்தன என்பதை மட்டும் காட்டி மனு செய்வதால் பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியே இயங்க முடியாமல் போகும் நிலை வேறு. கல்லூரி தொடங்குவதற்காக மாநில அரசு வழங்கும் இன்றியமையாமைச் சான்றில், கட்டமைப்பு வசதிகளை நிறுவத் தவறியதால் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டால் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை அரசே ஏற்கும் என்ற உறுதிமொழி இடம்பெறுவது வழக்கம். அத்தகைய நிலை வந்தால், மாணவர்களைப் பிற கல்லூரிகளில் பகிர்ந்தமர்த்துமாறு அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகுவதற்கு அந்த உறுதிமொழியே தங்களுக்கு வலுவான ஆவணமாகும்.

அதுவரை கேட்க வேண்டியது கற்பித்தலைப் பற்றி. 2023 ஆகஸ்டில் வெளியான குறைந்தபட்சத் தரநிலைகள் 100 இடங்களுக்கு 420 படுக்கைகளும் 150 இடங்களுக்கு 605 படுக்கைகளும் வேண்டும் என்றும், படுக்கைகளில் 80 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நோயாளி இல்லாத வார்டில் மருத்துவம் கற்க முடியாது. ஆகவே குறைப்பு ஆணையைப் பகையாகக் கருதாமல் மகளுக்குச் சாதகமான சான்றாகக் கருதுங்கள். எந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள் குறைவு என்று வாரியம் கண்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி ஆணையத்திடம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பெற்றோர் பலர் சேர்ந்து கையொப்பமிட்டு, கல்லூரி முதல்வர், பல்கலைக்கழகம், ஆணையம் ஆகிய மூவருக்கும் பதிவுத் தபாலில் முறையிடுவது நல்லது. தனி ஒருவர் மனு போட்டால் அகமதிப்பெண் குறையுமோ என்ற பயம் இயல்பானது.

ரசீதில்லாத ரொக்கத்தைக் கொடுக்காதீர்கள். கட்டண நிர்ணயக் குழு அனுமதித்ததற்கு மேல் வசூலிப்பது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். தனியார் மருத்துவக் கல்லூரிகள் கட்டணத்தை ரொக்கமாகப் பெறவே கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022-இல் உத்தரவிட்டுள்ளது. கோரிக்கையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அத்துடன் பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் கட்டண நிர்ணயக் குழுவிடம் புகார் அளியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுமாறு பலர் சொல்வார்கள். கல்வி நுகர்பொருள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியிருப்பதால் அங்கே புகாரை விசாரிக்கவே முடியுமா என்ற முதற்கேள்வியிலேயே ஆண்டுகள் கழியக்கூடும். தகவல் உரிமைப் பதிலும் ஒதுக்கீட்டு ஆணையும் கைக்கு வந்தபின் நாகர்கோவிலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு முன் மதுரைக்குப் புறப்பட வேண்டாம்.