ரசிகர்கள் எழுதும் ரோல்பிளே சாகசத்தில் அடுத்தவர் டிரேட்மார்க்கைப் போடலாமா?

டிரேட்மார்க் என்பது "இந்தச் சரக்கு இன்னாருடையது" என்று வாங்குபவருக்குச் சொல்லும் பெயர் அல்லது சின்னம். ஒகேனக்கல் அருவிக்குப் பின்னால் பூதம் ஒளிந்திருப்பதாக நீங்கள் ஒரு ரோல்பிளே சாகசம், அதாவது நண்பர்கள் கூடிப் பாத்திரமேற்று ஆடுவதற்கான கதை, எழுதுகிறீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்ற ஒன்று. "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளோடு ஆடலாம்" என்று உள்ளே ஒரு வரி போட்டால் அது வெறும் தகவல். அதே பெயரை அந்த ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் எழுத்து வடிவத்திலேயே அட்டையில் பெரிதாக அச்சிட்டால், அந்த நிறுவனமே வெளியிட்டது என்று வாசகர் நம்பிவிடுவார். சட்டம் தடுக்கப் பார்ப்பது இந்தக் குழப்பத்தைத்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். பெங்களூரா மாம்பழத்தை யார் வேண்டுமானாலும் கூழாக்கி டின்னில் அடைக்கலாம், டின்மேல் "பெங்களூரா மாங்கூழ்" என்றும் எழுதலாம். பக்கத்து ஆலையின் லேபிளை மட்டும் ஒட்டக்கூடாது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதித்தொகுப்பை, பிறரும் எடுத்தாள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அந்த விதிகளைத் தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் லோகோ அதில் சேராது. நல்ல கதை எழுதுபவர்கள்கூடச் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம், "இலவசமாகத்தானே தருகிறேன், யார் கேட்கப் போகிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். காசு வாங்காத புத்தகத்தின் அட்டையும் ஆளைக் குழப்பும் என்பதால், இலவசம் என்ற ஒன்றே பாதுகாப்பு ஆகாது.