மருந்து தொடங்கிய பிறகும் மூளையில் கட்டி வருவது ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. மூன்று வாரமாகத் தலைவலியும் மாலைக் காய்ச்சலும் விடாமல் இருந்து, பிறகு பேச்சு குழறியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, மூளை உறையில் காசநோய் என்றார்கள். மாத்திரை தொடங்கி இரண்டரை மாதமாகிறது. நன்றாகத் தேறி வந்தவனுக்கு, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பத்தாம் நாள் மறுபடியும் தலைவலியும் ஒருமுறை வலிப்பும் வந்தன. புதிய எம்.ஆர்.ஐ. படத்தில் முன்பு இல்லாத இரண்டு சிறு கட்டிகள் தெரிகின்றனவாம். ‘மருந்து கேட்கவில்லை, நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பாருங்கள்’ என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். வீட்டில் என் 2 வயதுக் குழந்தையும் இருப்பதால் அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, நீங்களோ உறவினர்களோ முடிவெடுத்துக் காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். உங்கள் தம்பிக்கு நேர்ந்திருப்பது இந்நோயில் மருத்துவர்கள் அடிக்கடி காண்பதுதான். மருந்தால் மடிந்த கிருமிகளின் எச்சங்களை நம் உடலின் எதிர்ப்பு சக்தி மூர்க்கமாகத் தாக்கும்போது, அந்த இடம் வீங்கிப் புதிய கட்டியாகவோ, பழைய கட்டி பெருத்ததாகவோ படத்தில் தெரியும். அந்த வீக்கத்தை அடக்கி வைத்திருந்தது ஸ்டீராய்டு என்பதால், அதை நிறுத்தியதும் தொல்லை தலைதூக்கியிருக்கலாம். பெரும்பாலும் ஸ்டீராய்டை மீண்டும் தொடங்கி, இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள். 2004-இல் வெளியான வியட்நாம் ஆய்வில், 545 நோயாளிகளிடையே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் இறப்பு குறைந்தது. ஆனால் கை கால் செயலிழப்பு போன்ற ஊனங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு ஒன்றையே நம்பி இருந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எனினும், இதுதான் காரணம் என்று வீட்டிலிருந்தபடியே முடிவுகட்ட இயலாது. மாத்திரை விடுபட்டிருக்கிறதா, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்பதையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இன்னொன்று, மூளையின் அடிப்பகுதியில் பசைபோல் படியும் அழற்சிக் கசிவு, மூளை நீர் ஓடும் வழியை அடைத்துவிடக்கூடும். அப்போது நீர் தேங்கி, வாந்தி, மயக்கம் போன்ற தூக்கம், இரட்டைப் பார்வை ஆகியவை வரும். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல், நள்ளிரவானாலும் மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேங்கிய நீரை வயிற்றுக்குள் வடியவிடும் ஷன்ட் குழாயை உரிய நேரத்தில் பொருத்தினால் பார்வையையும் உயிரையும் காக்க முடியும். அதே கசிவுக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபட்டால் பக்கவாதம் வரும். ஆகவே ஒரு பக்கக் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தாலும் இதே அவசரம் வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் இந்நோயாளிகள் குழம்பிப் பேசுவார்கள், வலிப்பும் வரலாம். அதை மனக்கோளாறு என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. எளிய ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

வலிப்புக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் காசநோய் மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். எதாம்பியூட்டால் என்ற காசநோய் மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்குச் சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் போதும். மூளைக்கு 9 முதல் 12 மாதம், கட்டி கரையத் தாமதமானால் அதற்கு மேலும் ஆகலாம்.

குழந்தையைப் பற்றி: மூளைக் காசநோய் மட்டும் இருப்பவரிடமிருந்து நோய் தொற்றாது. ஆனால் தம்பியின் நுரையீரலிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து பெருமளவு காக்கும், முழுமையாக அன்று. எனவே தம்பியின் சளியில் கிருமி இருந்தால், குழந்தையை அரசு காசநோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லை என்று உறுதிசெய்த பின், தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.