கோயில் கல்லுல கருப்பு, பாசி, பூஞ்சை: கேளுங்க, சொல்றேன்

கே: அக்கா, எங்க ஊர் சிவன் கோயில் மதில் முழுக்க கருப்பா கிடக்கு. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி சாண்ட் பிளாஸ்டிங் பண்ணலாம்னு கமிட்டில சொல்றாங்க, பண்ணலாமா?

ப: வேண்டவே வேண்டாம்பா. அறநிலையத்துறை கோயில்கள்ல அதுக்கு தடையே இருக்கு. அந்தக் கருப்பு பெரும்பாலும் சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசின்னு சொல்ற நுண்ணுயிரி, ஈரம் எங்க நிக்குதோ அங்கதான் வரும். மணல் அடிச்சா அழுக்கோட கல்லோட மேல்தோலும் போயிடும், கல்வெட்டு எழுத்தும் மழுங்கிடும், அப்புறம் சொரசொரப்பான கல்லுல தண்ணி இன்னும் நல்லா தங்கி பாசி முன்னைவிட சீக்கிரமா ஏறும். மொதல்ல மேல ஏறிப் பாருங்க, தளத்துல தண்ணி தேங்குதா, தூம்பு அடைச்சிருக்கா, அரசங்கன்னு முளைச்சிருக்கா. அதை சரி பண்ணாம என்ன மருந்து அடிச்சாலும் ரெண்டு மழைக்காலம் தாங்காது.

கே: ஆசிட் இல்லன்னா பிளீச்சிங் பவுடர்?

ப: ரெண்டும் கூடாது. ஆசிட் சுண்ணாம்புச் சாந்தை கரைச்சிடும். பிளீச்சிங் பவுடர் கல்லுக்குள்ள உப்பை விட்டுட்டுப் போகும், அந்த உப்பு காயும்போது படிகமாகி கல்லை செதில் செதிலா உரிச்சிடும். தண்ணியும் நைலான் பிரஷ்ஷும்தான் ஆரம்பம். அதுக்கு மேல அம்மோனியா, பூஞ்சைக்கொல்லி எல்லாம் ஆள் தெரிஞ்சவங்க ஓரமா ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிட்டு செய்யணும். நம்ம தொல்லியல் துறை 1986ல இருந்து 1993 வரைக்கும் கம்போடியால அங்கோர் வாட் கோயில்ல கெமிக்கல் வச்சு கழுவினதுக்கே அவ்வளவு விமர்சனம் வந்துச்சு.

கே: கல்லுல வட்ட வட்டமா வெள்ளையா ஒட்டியிருக்கே, அதை சுரண்டிடலாமா மேடம்?

ப: அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துறது. ஆக்சாலிக் ஆசிட் விடும், அதோட இழை கல்லோட துகள் இடுக்குல போய் நனையும்போது உப்பி காயும்போது சுருங்கும். காய்ஞ்சிருக்கும்போது சுரண்டினா கல்லும் பேந்துகிட்டு வரும். மொதல்ல சாகடிச்சு, சில வாரம் விட்டா தானா தளர்ந்துடும், அப்ப எடுங்க. கெட்டியான கருங்கல்னா நான் பல நேரம் அப்படியே விட்டுடுவேன், சில இடத்துல அது மேற்பரப்பை மழையில இருந்து காப்பாத்தவும் செய்யுது.

கே: உள்ள ஓவியம் இருக்குற சுவத்துல பூஞ்சை வந்தா?

ப: தொடாதீங்க, துடைக்காதீங்க, ஊதுபத்தி, குழல்விளக்கு, கூட்டம் மூணையும் குறைங்க. பிரான்ஸ்ல ஆதிகால ஓவியம் இருக்குற லாஸ்கோ குகை தெரியுமா, 1940ல கண்டுபிடிச்சாங்க, வந்தவங்க மூச்சும் லைட்டும் சேர்ந்து சுவரெல்லாம் பாசி, 1963லயே மூடிட்டாங்க. 2001ல பூஞ்சை வெடிச்சு கிளம்ப பென்சல்கோனியம் குளோரைடுங்குற கிருமிநாசினி அடிச்சாங்க, கடைசில அந்த மருந்தைத் தாங்குற பாக்டீரியாதான் அங்க பெருகுச்சு.

கே: தாஜ்மஹால் பச்சையாகுறதும் பாசியா?

ப: இல்ல, யமுனைல பெருகுற ஒரு பூச்சியோட எச்சம்.

கே: எல்லா கிருமியும் கெட்டதுதானா?

ப: யார் சொன்னா! இத்தாலில மிலான் கதீட்ரல்ங்குற பெரிய சர்ச்சோட பளிங்குல படிஞ்ச கருப்பு ஜிப்சம் படிவை டீசல்ஃபோவிப்ரியோங்குற பாக்டீரியாவை வச்சே எடுத்துப் பாத்தாங்க, கெமிக்கலைவிட சுத்தமா வந்துச்சு. அதே இத்தாலில பீசா ஊர்ல பழைய பசை ஒட்டிக்கிட்ட சுவரோவியத்துல சூடோமோனாஸ்ங்குற பாக்டீரியா வச்சு பசையை மட்டும் தின்ன விட்டாங்க. ஆனா இதை நம்ம ஊர் கமிட்டில போய் சொல்லிடாதீங்க, நாளைக்கே யாராவது தயிரை எடுத்து தூண்ல பூசிடுவாங்க.