தீவு நாட்டின் கனரக எந்திரத் துப்பாக்கி: எடைதான் இடிக்கிறது

வணக்கம் தம்பி. உங்கள் கதையில் வரும் தீவு நாடு 1925இல், ஒரே பொறியாளரை வைத்து, ஒரே வருஷத்தில், 15 கிலோ எடையில் 12.7 மி.மீ. (குழலின் உள்விட்டம்) துப்பாக்கி செய்துவிடுகிறது, படித்த நண்பர்கள் யாரும் நம்பவில்லை என்கிறீர்கள். நானும் நம்பமாட்டேன்.

அமெரிக்காவின் பிரவுனிங் எம்2 என்ற 12.7 மி.மீ. எந்திரத் துப்பாக்கியைப் பாருங்கள். வேலை தொடங்கியது 1918இல். முதலில் வந்தது தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் வகை. அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங் 1926இல் காலமானார். எம்2 என்ற பெயர் வந்ததோ 1933இல். தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றில் ஆறவிட வேண்டுமென்றால் குழல் தடிமனாக இருக்க வேண்டும், சூட்டை வாங்கிக்கொள்ள. அதனால்தான் தாங்கி இல்லாமலே 38 கிலோ!

ஒரே மேதை என்பதையும் விடுங்கள். டெக்தியாரோவ் செய்த சோவியத் துப்பாக்கியில் 30 குண்டு வட்டப்பெட்டிதான் இருந்தது. இன்னொரு பொறியாளரான ஷ்பாகின், பெல்ட்டில் (குண்டுகளைக் கோத்த நீளப் பட்டை) ஊட்டும் அமைப்பைச் சேர்த்த பிறகே 1938இல் அது டிஎஸ்எச்கே ஆனது. இருவர் பெயரும் அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது: 'டி' டெக்தியாரோவ், 'எஸ்எச்' ஷ்பாகின்.

பழைய பிரெஞ்சுக் காலனி என்று எழுதியிருக்கிறீர்களே (புதுச்சேரிக்காரர் வேறெப்படி எழுதுவார்!), அப்படியானால் 13.2 மி.மீ. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு எந்திரத் துப்பாக்கியில் தொடங்குங்கள். அதிலும் 30 குண்டுப் பெட்டிதான். அடிக்கடி மாற்றுகிற எரிச்சலே உள்ளூர் பெல்ட் வடிவத்துக்குக் காரணமாகட்டும். முதல் மாதிரி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தோற்கட்டும். கடலூர் முதுநகரில் என் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை.

1925ஐ 1936 ஆக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் போடுங்கள், படிக்கிறேன்.